ஒரு கரண்டி உப்புச்சீனித் தண்ணியின் வரலாறு

எங்கட வீடுகளில் ஆருக்காவது சத்தியும் வயித்தோட்டமும் தொடங்கினால் முதலில் வருகிற கட்டளை இது: "ஒண்டும் குடுக்காதேங்கோ, குடுத்தால் திரும்பவும் சத்தி எடுத்துப்போடும்." கொஞ்ச நேரம் கழிச்சு இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி வரும், மல்லித்தண்ணி வரும், கடையில வாங்கின சோடாவும் வரும். எல்லாம் அன்பில் செய்கிற காரியங்கள்தான். ஆனால் அந்த முதல் கட்டளை பிழையானது, சில நேரம் ஆபத்தானதும்கூட. அதுக்காக அம்மம்மாவோட சண்டைக்குப் போகத் தேவையில்லை. நூறு வருசத்துக்கு மேலாகப் படிச்ச மருத்துவர்களும் இதையேதான் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதைத்தான் நாங்கள் இங்கே பார்க்கப் போகிறோம்.

1831இல் கொலரா, எங்கட ஆக்கள் கொதிபேதி என்று சொன்ன அதே நோய், பிரித்தானியாவுக்குள் நுழைந்தது. வில்லியம் ஓ'ஷோனசி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதிலிருந்து தண்ணியும் உப்பும் போய்விட்டன என்று கண்டார். அடுத்த வருசம் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாற்றா அந்த உப்புத்தண்ணியை நாளத்துக்குள் ஏற்றிப் பார்த்தார். சாகக் கிடந்த சிலர் எழும்பி இருந்தார்கள். இன்று நாங்கள் 'சேலைன்' என்று சொல்வதன் தொடக்கம் இது. ஆனால் லாற்றா சீக்கிரமே இறந்துபோனார், அவருடைய வழியும் நீண்டகாலம் கிடப்பில் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் சேலைன் நிலைபெற்ற பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அதுக்குப் போத்தல் வேணும், ஊசி வேணும், பயிற்சி பெற்ற கை வேணும். கொலரா வந்த ஊர்களில் இந்த மூண்டும் கிடைப்பது அரிது.

அப்ப ஏன் வாயால் குடுக்கவில்லை? நோய்ப்பட்ட குடல் எதையும் உறிஞ்சாது, அதுக்கு ஓய்வு குடுக்க வேணும் என்று நம்பினார்கள். சத்தி எடுக்கிற ஆளுக்கு என்னத்தைக் குடுத்தாலும் வெளியில வந்துவிடும் என்பது அடுத்த காரணம்.

1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, லான்செற் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொலராவில் சத்தியைக் கட்டுப்படுத்துவதும் வாயால் நீரை ஈடுசெய்வதும்தான் அதன் பொருள். முதலில் சத்தியை அடக்க ஒரு மருந்து, பிறகு உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணி என்று 186 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்திருந்தார். எங்கட வீட்டு முத்தத்தில நிக்கிற கற்பூரவள்ளி இலைச்சாற்றையும் அவர் பயன்படுத்தியிருந்தார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளர் குழு இல்லை, உள்ளே போன நீருக்கும் வெளியே போன நீருக்கும் கணக்கு இல்லை என்பதால் அந்தக் கட்டுரையைப் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை.

குளுக்கோசும் சோடியமும் குடலுக்குள் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன என்று 1960இல் ரொபேர்ட் கிரேன் விளக்கினார். சோடியம் போகிற இடத்துக்குத் தண்ணியும் பின்னால் போகும். கொலரா குடலை நனைத்து ஊற்றினாலும் இந்தக் கதவு மட்டும் பூட்டப்படுவதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் காஷும் 29 நோயாளிகளில் இதைச் சோதித்தார்கள். கரைசலை வாயால் குடுத்தபோது நாளத்தால் ஏற்ற வேண்டிய சேலைனில் 80 சதவீதம் குறைந்தது.

ஆனாலும் இது ஆசுப்பத்திரிக்குள் நடந்த சோதனை. வெளியில வந்தது போரால்தான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்து கோடி அளவிலான மக்கள் இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். எல்லையோரமான பொங்காவ் ஊரில் முகாம்களுக்குள் கொலரா பரவியது. அங்கே வேலை செய்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனபிஸ், நிலத்தில் கிடந்த நோயாளிகளின் மலத்துக்கும் சத்திக்கும் நடுவில முழந்தாளிட்டுத்தான் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. சேலைனும் முடிந்துகொண்டு வந்தது. ஒரு லீற்றர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கல்கத்தாவில் பக்கற் கட்டுவித்தார். முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். குடுக்கிற வேலையைச் செய்தது தாதிமார் இல்லை. அம்மா, அக்கா, புருசன் என்று பக்கத்தில இருந்த சொந்தக்காரர்தான். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய சிகிச்சை நிலையத்தில் இறந்தவர்கள் 3.6 சதவீதம் மட்டுமே.

சத்தி எடுத்தவர்களுக்கும் குடுத்தார்களா? குடுத்தார்கள். எங்கட வீட்டுக் கட்டளை பிழைக்கிற இடமும் இதுதான். கொலராவில் உடல் தண்ணியையும் காரத்தையும் இழக்க, இரத்தத்தில் அமிலம் கூடும். அதுவே ஓங்காளத்தைக் கூட்டும். தண்ணியை நிறுத்தினால் சத்தி நிற்காது. நீரும் உப்பும் திரும்ப ஏற ஏறத்தான் வயித்துப்பிரட்டல் அடங்கும்.

அடுத்த கேள்வி, பக்கற் கிடைக்காத வீடுகளுக்கு என்ன செய்வது என்பது. வங்காளதேசத்தில் பிராக் என்ற நிறுவனம் 1980இல் தொடங்கி பத்து வருசம் வீடு வீடாகப் போனது. மூண்டு விரலால் கிள்ளின உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணி. சொல்லிக் குடுத்தவர்கள் கிராமங்களுக்குள் நடந்துபோன பெண்கள். பிறகு வேறு ஆக்கள் போய் சில அம்மாமாரிடம் கேட்டுப் பார்ப்பார்கள், கலக்கச் சொல்லி உப்பளவையும் சோதிப்பார்கள். அம்மாமாருக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தப் பெண்களின் சம்பளம். இப்படி ஏறத்தாழ 12 மில்லியன் வீடுகளுக்குப் போனார்கள்.

எங்கட நாட்டில் இந்தப் பக்கற்றை 'ஜீவனி' என்கிறோம். பழைய கரைசலில் உப்பும் குளுக்கோசும் கூடவாக இருந்ததால் 2002இல் உலக சுகாதார நிறுவனம் அளவைக் குறைத்தது. புதிய கரைசலில் சத்தியும் குறைவாக வருவதைச் சோதனைகள் காட்டியிருந்தன. பக்கற் இல்லையென்றால் கொதித்தாறின ஒரு லீற்றர் தண்ணிக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கை அளவை நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். சோடாவில் சீனி கூட, உப்புக் குறைவு; அது வயித்தோட்டத்தைக் கூட்டலாம். இஞ்சியும் மல்லியும் வாய்க்கு இதமாக இருக்கும், ஆனால் இழந்த உப்பை அவை தராது. பால்குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

குடிச்ச உடனே சத்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுக்க வேணும். பிறகு இரண்டு மூண்டு நிமிசத்துக்கு ஒரு கரண்டி. மடமடவென்று ஒரு கோப்பை குடுத்தால்தான் திரும்பி வரும். குடுக்கக் குடுக்க எல்லாமே வெளியில வந்தால், மலத்தில் இரத்தம் இருந்தால், சலம் போகாவிட்டால், கண் உள்ளே போய் ஆள் சோர்ந்து மயங்கினால் வீட்டில வைத்திருக்கக்கூடாது, உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்.

இந்த மருத்துவத்தின் வரலாற்றை ஆராய்ச்சிகூடத்தோடு மட்டும் நாங்கள் நிறுத்துவதில்லை. அதைக் கொலரா முகாமில் செய்துகாட்டியவர்கள் வீடிழந்து வந்த மனிதர்கள். அகதி முகாம் என்றால் என்னவென்று தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்தமுறை வீட்டில ஒருவர் ஓங்காளித்துக்கொண்டு கிடக்கும்போது, "ஒண்டும் குடுக்காதேங்கோ" என்ற குரல் வந்தால், மெல்லமாக "கரண்டியால குடுத்துப் பாப்பம் அம்மம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில போய் இருங்கோ.