சுளுக்கும் பனிக்கட்டியும்: ஒரு முதலுதவிப் பாடத்தின் வரலாறு



விளையாட்டுப் போட்டி நாள் நெருங்கினால் பள்ளித் திடலில் ஒரு பனிப்பெட்டியும் வந்துவிடும். கால் பிசகிய மாணவன் நொண்டிக்கொண்டு வந்தால், செம்பிறைச் சங்க மாணவர்கள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, காலை உயர்த்தி, "அசையாதே" என்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் கற்ற பாடமும் அதுவே. இப்பாடம் எங்கிருந்து வந்தது? இன்றும் அது அப்படியே நிற்கிறதா? குழந்தைகளின் உடலைப் பற்றிய செய்தி என்பதால், இவற்றைத் தெரிந்துகொள்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

நம் பாட்டிமார் சுளுக்குக்குப் பனிக்கட்டி வைத்தவர்கள் அல்லர். எண்ணெய் தேய்த்து நீவினார்கள். சூட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். பனிக்கட்டி பின்னாளில் வந்தது.

1962-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் சரக்கு இரயிலில் தொற்றி ஏற முயன்று வலக்கையை இழந்தான். துண்டான கை பனிக்கட்டியில் வைத்துக் காக்கப்பட்டது. மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் ரோனல்ட் மால்ட் தலைமையிலான குழு அக்கையை மீண்டும் பொருத்தியது. உலகமே வியந்து பேசிய செய்தி அது. காயம் என்றால் பனிக்கட்டி என்னும் எண்ணம் மக்களிடையே பரவியதற்கு இச்செய்தியும் ஒரு காரணம் என்று கூறுவோர் உண்டு. ஆனால், துண்டான உறுப்பு கெடாமல் குளிரில் காப்பது வேறு. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் கணுக்கால் தானே ஆறுவது வேறு.

1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மர்கின், மார்ஷல் ஹாஃப்மனுடன் இணைந்து விளையாட்டு மருத்துவம் பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். 'ரைஸ்' என்னும் சுருக்கச்சொல் அந்நூலின் வழியே புகழ்பெற்றது. நமக்குச் சோற்றை நினைவூட்டும் அச்சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகியவற்றைக் குறிப்பன. மனனம் செய்ய எளிது. ஆகவே உலகெங்கும் பரவியது. எளிதில் மனத்தில் பதியும் பாடம் எளிதில் மாறாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம்.

பிறகு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பத் தொடங்கினர். 2004-இல் கிறிஸ் பிளீக்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பனிக்கட்டிச் சிகிச்சை பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு பரவலான பழக்கத்திற்குச் சான்று மிகக் குறைவாகவே இருப்பது தெரிந்தது. 2010-இல் கணுக்கால் சுளுக்கு ஏற்பட்ட 101 பேரிடம் அவர்கள் ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் முதல் வாரத்திலேயே பயிற்சிகள். தொடக்கத்திலேயே பயிற்சி செய்தவர்களின் கணுக்கால் முதல் இரு வாரங்களில் மேலும் நன்றாக இயங்கியது.

இதன் தொடர்ச்சியாக, 2012-இல் அவர்கள் 'போலீஸ்' என்னும் புதிய சுருக்கச்சொல்லை முன்மொழிந்தனர். அதில் முழு ஓய்வின் இடத்தைப் பாதுகாப்பும் அளவான பளுவும் பிடித்துக்கொண்டன. 2019-இல் பிளேஸ் டுபுவா, ஜான் பிரான்சுவா எஸ்குலியே ஆகிய இருவரும் 'பீஸ்', 'லவ்' என்னும் இரு சொற்களைக் கொண்ட வழிமுறையை வெளியிட்டனர். அவற்றில் பனிக்கட்டிக்கு இடமே இல்லை. வீக்கத்தை அடக்கும் மாத்திரைகளையும் தவிர்க்கச் சொன்னார்கள்.

காரணம் என்ன? வீக்கம் நம் பகைவன் அன்று. காயம்பட்ட இடத்திற்கு உடல் தன் பாதுகாப்பு அணுக்களை அனுப்புகிறது. அவை சிதைந்த திசுக்களை அகற்றி, புதிய திசு வளரத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. கடுங்குளிர் இரத்த நாளங்களைச் சுருக்கி அப்பணியைத் தாமதப்படுத்தக்கூடும். எனினும் பனிக்கட்டி வலியைத் தணிக்கும் என்பதை எவரும் மறுக்கவில்லை. வலி தணிவது ஒன்று, காயம் ஆறுவது மற்றொன்று என்னும் வேறுபாடே இங்கு முக்கியம்.

இவ்வரலாற்றில் என்னைப் பெரிதும் கவர்ந்தவர் மர்கின்தான். 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாடத்தை, ஏறக்குறைய 36 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தாமே திருத்தினார். கற்பிப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு வேண்டுமா?

கணுக்காலை விடத் தலைக்காயம் பெரிது. முன்பெல்லாம் காற்பந்தாட்டத்தில் தலைகள் மோதிக்கொண்டால், முகத்தில் நீர் தெளித்து "எழுந்து ஓடு" என்று அனுப்புவதே வீரமாகக் கருதப்பட்டது. விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு 2001-இல் வியன்னாவில் கூடியது. ஆறாவது மாநாடு 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்றது. இன்றைய தெளிவு இதுதான்: மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால், அம்மாணவன் அன்று மீண்டும் விளையாடக்கூடாது. அதே வேளை, நாள்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் தேவையில்லை. முதல் ஓரிரு நாள் ஓரளவு ஓய்வும் மெல்லிய நடையும் போதும். பிறகு படிப்படியாகப் பாடத்திற்கும் திடலுக்கும் திரும்பலாம். முழுமையான விளையாட்டுக்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

ஆகவே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கால் பிசகிய மாணவனை உடனே ஆட்டத்திலிருந்து விலக்குங்கள். கட்டுப் போட்டுக் காலை உயர்த்துங்கள். வலி மிகுந்தால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைப்பதில் தவறில்லை. நான்கு அடிகூட ஊன்றி நடக்க இயலாவிட்டால், எலும்பு முறிவு இருக்கலாம், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சாதாரணச் சுளுக்கு என்று உறுதியானால், வாரக்கணக்கில் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். வலி பொறுக்கும் அளவுக்கு நடக்க விடுங்கள். தலையில் அடிபட்ட பின் வாந்தி, மயக்கம், வலிப்பு, குழப்பமான பேச்சு, தீவிரமாகும் தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையை ஓர் ஆசிரியர் இறுதி ஓட்டத்திலிருந்து நிறுத்தினால் வருந்தாதீர்கள். இல்லப் புள்ளிகளை அடுத்த ஆண்டும் சேர்க்கலாம்.

முதலுதவிக் கையேடு ஒருமுறை வாங்கி அலமாரியில் வைக்கும் நூல் அன்று. கணிதப் பாடநூல் மாறினால் நாம் புதியதை வாங்குகிறோம் அல்லவா? முதலுதவிப் பெட்டியின் மருந்துகளுக்குக் காலாவதி நாள் பார்க்கும் நாம், அப்பெட்டியைப் பற்றிய நம் அறிவுக்கும் அவ்வாறே நாள் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்கு முன்னர், புறப்பாடக் குழுக் கூட்டத்தில் ஒரு கால்மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினாலே போதும்.