கூடாரத் திடலும் குழந்தைகளும்

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை நெருங்கியதும், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊருக்குப் போவது எப்போது? இரண்டறை வீட்டிலே பிள்ளைகளை ஒன்றரை மாதம் அடைத்து வைக்க இயலாது. ஆகவே இரயிலேறி, இரண்டு இரவு கழித்து, தாத்தாவும் பாட்டியும் வாழும் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். அங்கே கிணறு உண்டு, தோப்பு உண்டு, அத்தை மக்களும் மாமன் மக்களும் உண்டு. பிள்ளைகளின் பொழுதுக்கு யாரும் திட்டம் வகுப்பதில்லை. பொழுது தானே கழிகிறது.

போவதற்கு அத்தகைய ஊர் இல்லாத நகர மாந்தர் என் செய்வர்? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் கண்ட விடைகளுள் ஒன்று கூடாரத் திடல். காட்டோரத்தில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்குவது, பகலில் பிள்ளைகளை யாரேனும் ஒருவர் அழைத்துச் சென்று நீந்தவும் நடக்கவும் பறவைகளை இனங்காணவும் கற்பிப்பது, இரவில் தீ மூட்டி எல்லாரும் சுற்றி அமர்ந்து கதை கேட்பது: இவை இன்று அந்நாட்டில் இயல்பான வழக்கங்கள். ஆயினும் இவற்றை ஒன்றுசேர்க்க அவர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாறு காட்டில் தொடங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கியது.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் பள்ளி நடத்திய பிரடெரிக் வில்லியம் கன் என்பவரின் மாணவர்கள், போர்வீரரைப் போலத் திறந்தவெளியில் உறங்கவேண்டும் என்று துடித்தனர். கன் அடிமை முறையை எதிர்த்தவர். அதனாலேயே ஒரு காலத்தில் மாணவர்களை இழந்தவர். அவரும் அவர் மனைவி அபிகெயிலும் அக்கோடையில் சிறுவர்களை நாற்பது மைல் தொலைவு நடத்திச் சென்று, மில்பர்டு கடற்கரையில் இரண்டு வாரம் கூடாரங்களில் தங்கவைத்தனர். படகு வலித்தல், மீன் பிடித்தல், நெடுநடை என்று பொழுது வகுக்கப்பட்டிருந்தது. திட்டமிட்டு நடத்தப்பட்ட சிறுவர் முகாம்களுக்கு இதனையே முதலாகக் கொள்வது மரபு. போர் விளையாட்டாகத் தொடங்கியது, போர் முடிந்த பின்னும் நிலைத்தது என்பது கருதத்தக்கது.

அதன் பின் இருபது ஆண்டு கழித்து, 1881-இல், எர்னஸ்ட் பால்ச் என்னும் இளைஞர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரித் தீவொன்றில் சொகோருவா முகாமை அமைத்தார். கோடை விடுதிகளில் பணியாளர் கைபார்த்துச் சோம்பிக் கிடந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்டு மனம் பொறாமல் செய்த முயற்சி அது. சமைப்பதும் துணி துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் அங்கே சிறுவர்களின் கடமை. 1885-இல் சம்னர் டட்லி ஏழு சிறுவர்களோடு தொடங்கிய கிறித்தவ இளைஞர் சங்க முகாம் இன்றும் அவர் பெயராலேயே நடைபெறுகிறது. இவையெல்லாம் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் முகாம்கள். குடும்பம் முழுவதும் ஒருங்கே காட்டுக்குச் செல்ல ஒரு வண்டி வேண்டியிருந்தது.

அந்த வண்டியை ஹென்றி போர்டு 1908-இல் தந்தார். 'மாடல் டி' மோட்டார் வண்டியின் விலை தொடக்கத்தில் ஏறத்தாழ 850 டாலர். 1925-ஆம் ஆண்டளவில் அதன் மிக எளிய வடிவம் 260 டாலருக்குக் கிடைத்தது. தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் வண்டி வாங்கினர். 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் மோட்டார் வண்டிகளுக்குத் தன் வாயிலைத் திறந்தது. போர்டும், அறிவியலறிஞர் எடிசனும், டயர் வணிகர் பயர்ஸ்டோனும், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோசும் கோடைதோறும் கூடாரப் பயணம் மேற்கொண்டனர். தங்களை நாடோடிகள் என்று அழைத்துக்கொண்டனர். சமையற்காரரும் பணியாளரும் புகைப்படக்காரரும் புடைசூழச் சென்ற நாடோடிகள் அவர்கள்! எனினும் செய்தித்தாள்களில் அப்படங்களைக் கண்ட எளிய மக்கள் சமையற்காரர் இல்லாமலே புறப்பட்டுவிட்டனர். 1919-இல் புளோரிடாவின் டாம்பா நகரில் அத்தகையோர் சேர்ந்து 'தகரக் குவளைப் பயணிகள்' என்று ஒரு சங்கமே கண்டனர். வண்டியின் முகப்பில் ஒரு தகரக் குவளையைப் பற்றவைத்திருப்பது அவர்களின் அடையாளம்.

இவர்கள் இரவில் எங்கே தங்கினர்? முதலில் சாலையோரத்தில், யாருடைய வயலிலேனும். உழவர்கள் சினந்தனர். பிறகு நகராட்சிகள் ஊர்ப்புறத்தில் இலவசத் திடல்களை அமைத்தன. தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், சமைப்பதற்கு அடுப்பு ஆகியவற்றைக் கொடுத்தால், வந்தவர் ஊர்க் கடைகளில் பொருள் வாங்குவர் என்பது கணக்கு. கணக்குச் சில ஆண்டுகளே சரியாக வந்தது. வேலை தேடி அலைந்தோரும் வறியோரும் அதே திடல்களில் வந்து தங்கலாயினர். இருபதுகளின் நடுவில் நகராட்சிகள் கட்டணம் விதித்தன. திடலைப் பேணுவதற்கு என்று சொல்லப்பட்டாலும், ஏழைகளை விலக்குவதே அதன் நோக்கங்களுள் ஒன்று. பொதுவிடம் யாருக்கு உரியது என்ற கேள்வி இவ்வரலாற்றில் முதன்முதலாக எழுந்த இடம் இது.

அக்காலத்தில் காட்டுக்குள்ளே வேறொரு இடர் வளர்ந்துகொண்டிருந்தது. பூங்காக்களில் திடல் என்றால் மரநிழலுள்ள வெட்டவெளி, அவ்வளவே. வண்டிகள் விரும்பிய இடத்தில் புகுந்தன. கூடாரங்கள் விரும்பிய இடத்தில் எழுந்தன. எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியலறிஞர் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை ஆராய்ந்து, மரங்கள் நலிவதன் காரணத்தைக் காட்டினார். காரணம் பூச்சியுமன்று, பூஞ்சையுமன்று. மனிதர் காலும் வண்டிச் சக்கரமும் மண்ணை மிதித்து இறுக்கிவிட, மேல்மண்ணில் பரவியுள்ள நுண்வேர்கள் காற்றும் நீரும் இன்றி மடிகின்றன. முதலில் புல் போகிறது, பிறகு புதர், கடைசியில் மரம். மக்கள் அப்போது வேறு நிழலைத் தேடிப் போய் அதையும் அழிக்கின்றனர்.

முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் தந்த தீர்வு மிக எளியது. மக்களைத் தடுக்காதே, அவர்களுக்கு இடத்தைக் குறித்துக் கொடு என்பதே அது. வளைந்து சென்று தொடங்கிய இடத்திற்கே திரும்பும் ஒருவழிப் பாதை; அப்பாதையிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு ஒதுக்கிடம் ஒவ்வொரு குடும்பத்தின் வண்டிக்கும்; அதனருகே அசையாத மேசை, அசையாத அடுப்பு, கூடாரத்திற்குச் சமன்செய்த தரை; வண்டி அப்பால் போகாதபடி பெரிய பாறைகளும் மரத்துண்டுகளும்; ஒரு குடும்பத்திற்கும் அடுத்த குடும்பத்திற்கும் இடையே வெட்டாமல் விட்ட புதர்கள். இன்று அமெரிக்கக் காட்டில் எந்தத் திடலுக்குச் சென்றாலும் காணப்படுவது பெரும்பாலும் இந்த அமைப்பே. மரத்தைக் காக்கப் பிறந்த இத்திட்டம், தெருவும் அண்டை வீடும் உள்ள ஒரு சிற்றூரையும் கூடவே படைத்துவிட்டது. மெதுவாகச் செல்லும் வண்டிகள், முட்டுச்சந்து இல்லாத பாதை, பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தோழன்: குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்? 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞரைக் கொண்டு அமைத்த காட்டுப் பாதுகாப்புப் படை, 1942 வரை நாடெங்கும் இத்தகைய திடல்களைக் கட்டியது.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளோ அதற்கு முன்பே யோசிமிட்டி பூங்காவில் வேரூன்றியிருந்தன. தேசியப் பூங்காப் பணியகத்தின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர் 1919-இல் தாகோ ஏரிப் பக்கம் சென்றபோது, மாலை வேளையில் பறவைகளைப் பற்றிய சொற்பொழிவு கேட்க மக்கள் திரண்டிருந்ததைக் கண்டார். மறு ஆண்டே ஹெரால்டு பிரையண்ட், லோய் மில்லர் ஆகிய இரு விலங்கியல் அறிஞர்களை யோசிமிட்டிக்கு வரவழைத்தார். பகலில் காட்டு நடை, இரவில் தீயருகே பேச்சு, கட்டணம் ஏதுமில்லை. 1930-இல் அங்கே சிறுவர் இயற்கைப் பள்ளியும் தோன்றியது. நம் நாட்டுச் சாரணர் 'பாசறைத் தீ' என்று அழைப்பதும் ஏறத்தாழ இத்தகையதே. ஆனால் அங்கே சீருடையும் அணிவகுப்பும் இல்லை. அப்பா மடியில் தூங்கி விழுந்துகொண்டே ஆந்தையின் கதையைக் கேட்கலாம்.

முப்பதுகளில் அரசு வளமிழந்த நிலங்களை வாங்கி 46 பொழுதுபோக்குப் பகுதிகளை உருவாக்கியது. நகரத்து ஏழைப் பிள்ளைகளும் குடும்பங்களும் குறைந்த செலவில் தங்குவதற்கான இடங்கள் அவை. மேரிலாந்து மாநிலத்துக் கடாக்டின் மலையில் அத்தகைய முகாம்கள் மூன்று எழுந்தன. ஒன்றில் கால் ஊனமுற்ற குழந்தைகள் 1937-இல் தங்கினர். மலைச்சரிவில் அவர்களால் நடமாட முடியாதிருந்ததால், மறு ஆண்டில் இன்னொரு முகாம் அவர்களுக்கேற்பச் சமதரையில் கட்டப்பட்டது. மூன்றாவது முகாம் அரசு ஊழியர் குடும்பங்களுக்கானது. 1942-இல் ரூஸ்வெல்ட் அதனைத் தம் ஓய்விடமாக மாற்றிக்கொண்டார். 1953-இல் ஐசன்ஹோவர் அதற்குத் தம் பேரனின் பெயரைச் சூட்டினார். உலகத் தலைவர்கள் கூடி உடன்படிக்கை பேசும் 'கேம்ப் டேவிட்' என்பது, எழுத்தர்களும் கணக்கர்களும் பிள்ளைகுட்டிகளோடு விடுமுறை கழிக்கக் கட்டிய இடம் என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

பொதுவிடம் யாருக்கு உரியது என்றேன். வர்ஜீனியா மாநிலத்து ஷெனாண்டோ தேசியப் பூங்காவில் அக்கேள்விக்கு 1939-இல் ஒரு பலகை விடை கூறியது. மலைமுகட்டுச் சாலையில் லூயிஸ் மலை என்னும் இடத்திலுள்ள திடல் நீக்ரோக்களுக்கு உரியது என்று அப்பலகை அறிவித்தது. நாட்டின் பூங்கா, வரி அனைவருடையது, ஆனால் வழக்கம் அம்மாநிலத்தது. அதன்படி கருப்பினக் குடும்பங்களுக்குத் தனித் திடல், தனி உணவகம். கூடாரமும் விறகும் மலைக்காற்றும் ஒன்றே. பிள்ளைகள் ஆடுதற்குரிய எல்லை மட்டும் வேறு. உள்நாட்டுத் துறை அமைச்சராயிருந்த ஹெரால்டு இக்கஸ் போன்றோர் இவ்வழக்கத்தை ஏற்கவில்லை. பிரிவினை சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1950-ஆம் ஆண்டளவில் அப்பூங்காவிலிருந்து நீங்கியது. லூயிஸ் மலைத் திடல் இன்றும் இருக்கிறது. அப்பூங்காவின் மிகச் சிறிய திடல் அதுவே. இதைக் கேட்டு நாம் வியப்பதற்கு உரிமையில்லை. நம் நாட்டிலே சாரணர் இயக்கம் ஐரோப்பியச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்டு, இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தமையாலன்றோ 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவிக்க நேர்ந்தது!

போருக்குப் பிந்திய கதையை விரைந்து சொல்லிவிடலாம். 1962-இல் சியாட்டில் நகரப் பொருட்காட்சிக்குச் செல்லும் வண்டிகள் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் ஊர் வழியே சாரைசாரையாகச் சென்றதைக் கண்ட டேவ் டிரம் என்ற வணிகர், ஆற்றங்கரையிலிருந்த தம் நிலத்தில் வெந்நீர்க் குளியலறையும் சிறு கடையும் அமைத்து, இரவொன்றுக்கு 1.75 டாலர் பெற்றார். அது நாடு தழுவிய நிறுவனமாயிற்று. 1969-இல் டக் ஹாக் என்னும் விளம்பரக்காரர், விஸ்கான்சின் மாநிலத்தில் 'யோகி கரடி' என்ற சித்திரத் தொலைக்காட்சிப் பாத்திரத்தின் பெயரால் ஒரு திடல் திறந்தார். கரடி வேடம் பூண்டவர் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் செல்வார். காலை முதல் இரவு வரை நிகழ்ச்சி நிரல் உண்டு. உணவுக்கூடையைத் திருடும் அந்தச் சித்திரக் கரடி, எல்லோஸ்டோன் கரடிகளைக் கேலி செய்து பிறந்தது. உண்மையான எல்லோஸ்டோனிலோ, கரடிகள் குப்பைமேட்டில் மேய்வதைத் தடுக்கக் கடைசிக் குப்பைமேட்டை 1970-இல் மூடினார்கள். வேடக் கரடியைக் காணச் செல்லும் பிள்ளை காட்டைக் காண்கிறதா என்று ஐயுறுவோர் உண்டு. எனக்கும் அந்த ஐயம் உண்டு; ஆனால் மகிழ்ந்து திரும்பும் பிள்ளையிடம் அதைக் கேட்க மனம் வருவதில்லை.

இவை அனைத்திலும் எனக்கு உவப்பானது வேறொன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி நகராட்சி 1922-இல் துவாலமி ஆற்றின் தென்கிளைக் கரையில், யோசிமிட்டிக்கு அருகே, தன் நகர மக்களுக்காக ஒரு குடும்ப முகாமை அமைத்தது. இரண்டு ஆண்டு கழித்து சான் பிரான்சிஸ்கோ நகரும், அணை கட்டிய தொழிலாளர் தங்கியிருந்த இடத்தை அவ்வாறே குடும்ப முகாமாக்கிற்று. பெர்க்லி முகாமில் மரத்தளத்தின்மேல் துணிக்கூரை வேய்ந்த சிறு குடில்கள். எல்லாரும் சேர்ந்துண்ணும் பொதுக் கூடம். பிள்ளைகளுக்கு ஆற்று நீச்சலும் கைத்தொழிலும் நாடகமும். ஆண்டுதோறும் அதே வாரத்தில் அதே குடும்பங்கள் வந்தன. பாட்டி குழந்தையாய் நீந்திய மடுவில் பேத்தியும் நீந்தினாள். தாய்மார் சமைக்க வேண்டுவதில்லை என்பதும் அதன் சிறப்புகளுள் ஒன்று; ஊருக்குச் சென்றும் அடுப்படியை விட்டு நீங்காத நம் வீட்டுப் பெண்டிர் இதனைக் குறித்துக்கொள்வார்கள்.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், வேட்டைக்குச் சென்ற ஒருவர் தடையை மீறி மூட்டிய தீ, கட்டுக்கடங்காமல் காட்டில் பரவிற்று. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. எட்டாம் நாள் அத்தீ பெர்க்லி முகாமையும் விழுங்கியது. உணவுக் கூடம் போயிற்று, குடில்கள் போயின, நிழல் தந்த மரங்களும் போயின. ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மீண்டும் கட்டி முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2022-ஆம் ஆண்டுக் கோடையில், முகாம் தொடங்கி நூறாண்டு நிறைந்தபோது, அதே ஆற்றங்கரைக்குக் குடும்பங்கள் திரும்பி வந்தன. தீக்குப் பின் பிறந்து அவ்விடத்தைக் கதையாக மட்டுமே கேட்டிருந்த பிள்ளைகள், அன்றுதான் முதன்முறையாக அந்த நீரில் இறங்கினர்.