இல்லாத பத்திரிகையின் நிருபர்

என் தங்கையின் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற வாரம் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து, "மாமா, எனக்கு ஒரு பத்திரிகை எழுதிக் கொடுங்களேன்" என்றான். சரித்திர உபாத்தியாயர் இட்ட வேலையாம். 1381-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் ஒரு தினசரி வெளிவந்திருந்தால், அதன் முதல் பக்கம் எப்படி இருந்திருக்கும்?

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஐரோப்பாவில் அச்சு யந்திரம் தோன்றச் சுமார் எழுபது வருஷம் இருக்கும்போதே ஒரு பத்திரிகை! சமாசாரத்துக்கும் பஞ்சமில்லை. தலைக்கு 12 பென்ஸ் வீதம் வரி போட்டார்கள். பொறுக்கமாட்டாமல் கெண்ட், எஸ்ஸெக்ஸ் குடியானவர்கள் திரண்டு, ஜூன் 13-ந் தேதி தலைநகருக்குள் புகுந்தார்கள். அரசரின் சிற்றப்பாவுடைய ஸவாய் மாளிகை எரிந்தது. மறுநாள் கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் தலை உருண்டது. அன்றே பதினான்கு வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டு, பண்ணையடிமைத்தனம் ஒழிந்ததென்று சாசனம் வழங்கினார். 15-ந் தேதி குடியானவர் தலைவன் வாட் டைலர் வெட்டுண்டு மாண்டான்.

"கலகத் தலைவன் வீழ்ந்தான்! பால மன்னரின் தீரம்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டேன்.

பையன் படித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, இது ராஜா கட்சிப் பத்திரிகையா?" என்றான்.

சுருக்கென்றது. சரித்திரக் கதை என்று நான் எழுதியதிலெல்லாம் அரண்மனை வாசலிலேதானே நின்றுகொண்டிருந்தேன்?

மறுபடியும் புத்தகங்களைப் புரட்டினேன். இந்தக் கலகத்தை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் வால்சிங்காம். ஸெயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி. அந்த ஊர் ஜனங்கள் அவருடைய மடத்தின் மேலேயே பாய்ந்தவர்கள். பிரதிவாதியைப் பற்றி வாதியே தீர்ப்பு எழுதின கதைதான்!

குடியானவர்கள் ஏன் எழுதவில்லை? அவர்கள் எழுத்தைக் கொளுத்தினார்கள். யார் யாருக்கு அடிமை, யார் எத்தனை நாள் கூலியில்லாமல் உழவேண்டும் என்பதற்கெல்லாம் சான்றாக இருந்த பண்ணை ஏடுகளைத் தேடிப் பிடித்து நெருப்பிலிட்டார்கள். அரசர் தந்த சாசனம் ஒன்றைத்தான் நம்பி வீடு திரும்பினார்கள். ஜூலை 2-ந் தேதி அதையும் அவர் ரத்துச் செய்துவிட்டார்.

ஆனால் அவர்களிடமும் ஒரு பத்திரிகை இருந்தது. ஜான் பால் என்ற பாதிரியார், ஜனங்களின் பாஷையான இங்கிலீஷில், விடுகதை போலச் சில கடிதங்கள் எழுதி ஊர் ஊராக அனுப்பினார். அவற்றில் ஒன்று, தூக்குக்குப் போகவிருந்த ஒருவனின் சட்டைக்கைக்குள் அகப்பட்டது. ஜூலை 15-ந் தேதி ஜான் பாலையும் தூக்கிலிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் குற்றத்துக்கு அத்தாட்சியாகத் தம் நூலில் எடுத்தெழுதிக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? அதே வால்சிங்காம்தான்!

என் தலைப்பை அடித்துவிட்டேன். அரசரின் தீரம் கீழே ஒரு மூலைக்குப் போயிற்று. சட்டைக்கைக்குள் கடிதத்தை மறைத்து வைத்திருந்தவன் மேலே வந்தான்.

"அவன் பெயர் என்ன போடுவது மாமா?" என்று பையன் கேட்டான்.

"யாரும் எழுதி வைக்கவில்லையடா. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடு" என்றேன்.