கேரவன் சட்டகத் துரு

கேரவன் சட்டகத் துரு என்பது, வீட்டு வண்டியின் வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் நடுவே மறைந்திருக்கும் இரும்புச் சட்டங்களும் அடியில் பாரம் தாங்கும் சேசிஸும் அரிபட்டு வலுவிழப்பதைக் குறிக்கும். பழைய இழுவைக் கேரவன்கள் பலவற்றில் சுவர்ச்சட்டம் மரம், சேசிஸ் மட்டும் இரும்பு. லோரியின் மீது கட்டிய வண்டிகளில் சுவருக்கும் இரும்புக் குழல் இருப்பதுண்டு. எவ்வகையானாலும் பழுதுபார்ப்பில் முதலில் தேட வேண்டியது நீரின் வழி. அது எங்கே நுழைந்து எங்கே தங்குகிறது என்று அறியாமல் பற்றவைத்த புது இரும்பு, பழையது போன வழியிலேயே போகும்.

கெடா மாநிலத்தில் மூடா ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் கோத்தா கோலா மூடா இதற்குக் கடுமையான சோதனைக்களம். மீனின் விலையைக் காதோடு காதாகக் கேட்கும் ‘பாசார் பிசிக்’ சந்தைக்குப் பேர்போன இக்கரையில், நிறுத்திவைத்த வண்டியின் மேலும் அடியிலும் கடலுப்பு படிகிறது. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கெடா கடலோரத்தில் காற்று அந்த அளவுக்கு வறள்வதில்லை. ஆகவே மழை பெய்யாத நாளிலும், வெயில் படாத இடத்தில் உப்பேறிய இரும்பு நனைந்தே கிடக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9223 தரத்தின் சி5 என்னும் மிகக் கடுமையான சூழலில், காப்பற்ற எஃகு முதலாண்டிலேயே 0.08 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தேயும். திறந்த பரப்பையாவது மழை கழுவும், வெயில் உலர்த்தும். தகட்டுக்குப் பின்னாலும் குழலுக்குள்ளும் அந்த இரண்டுக்கும் வழியில்லை. 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள குழல் உள்ளிருந்தே தேய்ந்தால், வெளிப்பூச்சு பளபளக்கும்போதே உள்ளே செல்லரித்திருக்கும்.

அதனால் கண்ணைவிடச் சுத்தியலே நம்பகமானது. திடமான சட்டம் கணீரென்னும். அரிபட்டது மொத்தென்று அடங்கும். அங்கே ஸ்குரூடிரைவர் முனையை அழுத்தினால் துரு வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பெயரும். கூரை இணைப்பிலும் சன்னல் ஓரத்திலும் கசிவை அடைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். வண்டி தொய்யாதபடி முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு சட்டமாக, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனமுள்ள புதுத் துண்டைப் பற்றவைப்பதே முறை. நாகமுலாம் பூசிய குழலானால் கூடுதல் கவனம் தேவை. நாகம் 907 பாகை செல்சியசில் கொதித்துவிடும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் முலாம் நிற்காது. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும். முலாமை முன்கூட்டியே அரைத்தெடுத்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, பின்னர் நாகப் பூச்சு அடிக்க வேண்டும்.

இவ்வளவு வெட்டாமல் துருமாற்றி மருந்தைத் தடவினால் போதாதா என்பர். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலமோ டானினோ மேல்துருவை நிலையான சேர்மமாக மாற்றும். தேய்ந்த கனத்தை மீட்டுத் தராது. துருவும் இரும்புத்தாதுவைப் போல ஆக்சிசன் கலந்த இரும்புதான். இதே கோலா மூடா மாவட்டத்துச் சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுத்த பழங்கால உலைகளில் தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கக் கரிநெருப்பு வேண்டியிருந்தது; தூரிகைப் பூச்சு அந்த வேலையைச் செய்யாது. அலுமினியத்துக்கு மாறலாம் என்ற யோசனையில் நியாயமுண்டு. ஆனால் உப்புநீரில் அலுமினியமும் எஃகும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிபடும். இடையில் காப்பு வைத்தே பூட்ட வேண்டும். அரிபட்டதன் மேலேயே தகடு போர்த்துவது மலிவுதான். ஆனால் அது ஈரம் தங்க இன்னொரு பொந்தை உண்டாக்கும்.

சட்டத்தின் தாழ்ந்த முனையில் வடிதுளை இடுவதே பலருக்கு உறுத்தும்: ஈரக்காற்று நுழையத் தாமே வாசல் திறப்பானேன்? முழுக்க மூடிய குழலுக்குள் நீர் புகாது என்பது உண்மையே. ஆனால் ரிவெட்டும் திருகாணியும் துளைத்த பழைய சட்டம் முழுக்க மூடியதன்று. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது, மயிரிழை இடைவெளி வழியாகவும் அது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். உள்ளே படியும் பனிநீர் அடியில் தேங்கும். நுழைவதை முற்றிலும் தடுக்க முடியாத சட்டத்துக்குள் மெழுகு தெளித்து, வடிய ஒரு துளையும் விட்டால்தான் பற்றவைப்பு வேலை முடிந்ததாகும்.