சந்தேகத்தின் சரித்திரம்: மகளிர் விளையாட்டில் பாலினப் பரிசோதனையும் கால்பந்து விதியும்

பெண்களுக்கென்று வகுக்கப்பட்ட போட்டியில் பெண்களே கலந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அக்கொள்கையைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஸ்தாபனங்கள், வென்று நிற்கும் ஒருத்தியைப் பார்த்து இவள் பெண்தானா என்று கேட்கும் அதிகாரத்தை எக்காலத்தில் எவ்விதம் பெற்றன, எந்தக் கருவிகளைக் கொண்டு அதைப் பிரயோகித்தன, கேட்கப்பட்டவளுக்குப் பதில் சொல்ல என்ன அவகாசம் அளித்தன என்பவற்றை வரிசையாக ஆராய்ந்து பார்த்தால், கருவி மாறிக்கொண்டே வந்திருப்பதும், அதைக் கையாண்ட முறை மட்டும் பெரும்பாலும் மாறாமல் இருப்பதும் புலப்படும். தடகளத்தில் பிறந்த இப்பரிசோதனை கால்பந்து மைதானத்துக்குள் புகுந்த வழியை, நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் ஒருவருக்கு நேர்ந்ததை மையமாக வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் ஹெலன் ஸ்டீபன்ஸைப் பற்றியே ஐயம் கிளப்பப்பட்டது என்றாலும், ஐயம் ஒரு முறையான சடங்காக உருவெடுத்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான். 1966இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டிக்கு வந்த பெண்கள், வைத்தியர் குழுவின் முன்னால் ஆடையின்றி நடந்து காட்டிய பிறகே ஓட அனுமதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சரீரப் பரிசோதனை இன்னும் கடுமையாக இருந்தது. இந்த அவமானத்துக்கு எதிராகக் கூக்குரல் எழுந்தபோது, அதிகாரிகள் பரிசோதனையைக் கைவிடவில்லை. உடம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு உயிரணுவைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

உயிரணுவைப் பார்த்த விதம் இதுதான். கன்னத்தின் உட்புறத்தைச் சிறு குச்சியால் மெல்லச் சுரண்டி, ஒட்டிவந்த அணுக்களைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், எக்ஸ் குரோமோசோம் இரண்டு உள்ள அணுவின் கருவிளிம்பில் ஒரு கரும்புள்ளி தெரியும். கனடா நாட்டு முர்ரே பார் என்பவர் 1949இல் பூனையின் நரம்பணுக்களில் முதன்முதலாகக் கண்டறிந்த புள்ளி அது. அது தெரிந்தால் பெண் என்று சான்றிதழ்; தெரியாவிட்டால் வீட்டுக்குப் பயணம். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக் முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டே, டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற போலந்து நாட்டு ஏவா க்ளபுகோவ்ஸ்கா, கீவ் நகரில் குரோமோசோம் பரிசோதனையில் தேறவில்லை என்று விலக்கப்பட்டு, அவருடைய சாதனைகளும் ஏடுகளிலிருந்து அழிக்கப்பட்டன.

இயற்கையோ இத்தனை எளிய கணக்குக்கு அடங்குவதில்லை. எக்ஸ்ஒய் குரோமோசோம்களோடு பிறந்தும், டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புக்குச் சரீரத்தின் அணுக்கள் செவிசாய்க்காத காரணத்தால், பெண்ணாகவே உருப்பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, தனக்குள் இவ்விதம் ஒன்று இருப்பதையே அறியாமல் வாழும் பெண்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தினோ அத்தகையவர். 1985இல் கோபே நகரில் நடந்த போட்டிக்குச் சான்றிதழை எடுத்து வர மறந்ததால் மறுபடி பரிசோதிக்கப்பட்டுத் தவறிய அவரை, அடிபட்டதாக நடித்து விலகிக்கொள்ளுமாறு அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தாய்நாட்டில் அவர் துணிந்து ஓடி வென்றதும் செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது; பட்டமும் உதவித்தொகையும் பறிபோயின, நிச்சயமாகியிருந்த கல்யாணமும் முறிந்தது. அவருக்கு உண்டான சுரப்பு அவருடைய தசைகளுக்கு எவ்விதப் பயனும் அளிக்கவில்லை என்பதை விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியபின், 1988இல் மீண்டும் ஓட உரிமை கிடைத்தது. அதற்குள் ஓடுபவளின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1992இல் ஒலிம்பிக் கமிட்டி கரும்புள்ளியை விட்டு, ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணுவைத் தேடத் தலைப்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களில் எட்டுப் பேரிடம் அம்மரபணு காணப்பட்டது. எட்டுப் பேரும் விசாரணைக்குப் பின் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். அதாவது, அத்தனை பேரைச் சோதித்தும் வேஷமிட்டு வந்த ஆண் ஒருவன்கூட அகப்படவில்லை. 1999இல் எல்லோரையும் சோதிக்கும் வழக்கம் நின்றது. ஆனால், ஐயம் எழுந்தால் மட்டும் சோதிக்கலாம் என்ற ஒரு வாசல் திறந்தபடியே விடப்பட்டது. என் அபிப்பிராயத்தில் அந்த வாசல்தான் பின்னால் நேர்ந்த கொடுமைகளுக்கெல்லாம் வழியாயிற்று. எல்லோரும் வரிசையில் நின்றபோது எல்லோருக்கும் பொதுவாக இருந்த அவமானம், இப்போது எவள்மீது எவருடைய பார்வை விழுகிறதோ அவளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

அந்தப் பார்வை சாந்தி சௌந்தரராஜன்மீது விழுந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு, ஒடுக்கப்பட்ட சாதியொன்றில் பிறந்த அவர், 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். மறு ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி, கஸகஸ்தான் வீராங்கனையை வினாடியின் நூறில் மூன்று பங்கு வித்தியாசத்தில் பின்தள்ளி இரண்டாவதாக வந்தார். பின்னர் அவரை அழைத்துச் சென்று இரத்தம் எடுத்து, வைத்தியர் பலர் சேர்ந்து பரிசோதித்தார்கள். எதற்காக என்று அவருக்குப் புரியும் பாஷையில் சொன்னவர் இல்லை. ஊர் திரும்பியபின், தாம் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்ற முடிவை அவர் தொலைக்காட்சிச் செய்தியின் மூலமாகவே அறிந்துகொண்டார். ஒரு பெண்ணின் அந்தரங்கம், அவளுக்கே சொல்லப்படுவதற்கு முன்னால், நாடு முழுவதற்கும் சொல்லப்பட்டுவிட்டது.

பதக்கம் பறிக்கப்பட்டது, ஓடும் உரிமையும் போயிற்று. அப்போது முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி, அறிவித்திருந்த 15 லட்ச ரூபாய்ப் பரிசைத் திரும்பப் பெறாமல் வழங்கினார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அடுத்த ஆண்டு உயிரையே விடத் துணிந்து பிழைத்த சாந்தி, பின்னர் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். வறுமை முற்றி, மறுபடியும் சூளையில் கூலிக்குப் போனார் என்ற செய்தி 2012இல் வந்தது. பயிற்சியாளர் படிப்பை முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளரானார். தோஹாவின் வெள்ளிப் பதக்கம் அவரிடம் திரும்பவில்லை. அவருக்காக அன்று எந்தச் சம்மேளனமும் மேல்முறையீடு செய்யவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் இதே நிலையில் நின்றபோது, வழக்கு லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை கொண்டு செல்லப்பட்டு, பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அளவுக்கு வரம்பு வைத்த தடகள விதியே 2015இல் நிறுத்திவைக்கப்பட்டது. இருவருடைய கதிக்கும் உள்ள வேறுபாடு சரீரத்தின் வேறுபாடு அன்று. ஒருவருக்குத் துணை நிற்க ஆட்கள் இருந்தார்கள், மற்றவருக்கு இல்லை.

இனிக் கால்பந்து. மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு மாலை வேளையில் நடந்து சென்றால், செருப்புகளைக் குவித்துக் கோல் கம்பமாக வைத்துக்கொண்டு பையன்களோடு சேர்ந்து பெண்பிள்ளைகளும் பந்து உதைப்பதைக் காணலாம். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, அண்ணனுடைய ஜெர்ஸியை மாட்டியிருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, அங்கே நின்றிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, நீ எந்த ஸ்கூலு?” என்று கேட்டார். “தம்பி இல்ல சார், நான் பொண்ணு” என்று சொல்லிவிட்டு அவள் பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள். கடற்கரையில் அவ்வளவோடு போயிற்று. சர்வதேச மைதானத்தில் இதே கேள்வி எழுத்து மூலமான புகாராக மாறுகிறது.

2008இல் ஆப்பிரிக்க மகளிர் கால்பந்துப் பட்டத்தை வென்ற ஈக்குவடோரியல் கினி அணியின் ஹெனோவேவா அன்யோன்மாமீது அத்தகைய புகார் எழுந்தது. அதிகாரிகளின் முன்னால் தம்மை ஆடை களையச் செய்தார்கள் என்று அவர் பின்னாளில் பகிரங்கமாகக் கூறினார். புடாபெஸ்ட் கழிந்து 42 ஆண்டுகள் ஆகியும் முறை அதுவே. 2011 மே மாதம், ஜெர்மனியில் உலகக்கோப்பை தொடங்குவதற்குச் சற்று முன்னர், சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ஒரு விதியை வெளியிட்டது: பெண்கள் போட்டிக்குப் பெண்களே தகுதியுடையோர், வீராங்கனையரின் பாலினத்தைத் தீர விசாரித்து ஐயமறத் தெரிந்துகொண்டபின்பே அந்தந்த நாட்டுச் சம்மேளனம் அவர்களை அனுப்ப வேண்டும். பார்வைக்கு நியாயமானதாகத் தோன்றும் இவ்விதியில் அடங்கிய ஆபத்து என்னவென்றால், விசாரணையின் பாரம் முழுவதும் பயிற்சியாளர், அணி வைத்தியர், நிர்வாகி ஆகியோரின் கண்ணுக்கு விடப்பட்டிருப்பதுதான். அதற்கும் முன்பே, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கான தேர்வில் இருந்த வங்காளக் கால்பந்து வீராங்கனை ஒருவர் பரிசோதனைக்குப் பின் விலக்கப்பட்ட அனுபவம் நம் நாட்டுக்கு உண்டு.

தென்கொரியாவில் 2013இல் நிகழ்ந்தது இன்னும் தெளிவான உதாரணம். அந்நாட்டு லீகில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்த பார்க் உன்சன், பத்து ஆண்டுகளுக்கு முன்பே உலகக்கோப்பையில் தாய்நாட்டுக்காக ஆடியவர். எதிரணிகள் ஆறின் பயிற்சியாளர்கள் ஒன்று சேர்ந்து, அவரைப் பரிசோதிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் ஆடமாட்டோம் என்று பயமுறுத்தினார்கள். அந்தக் கோரிக்கையே பாலியல் துன்புறுத்தல் என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் மறு ஆண்டு முடிவு கூறியது. ஜாம்பியாவின் பார்ப்ரா பாண்டாவோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் மும்மூன்று கோல் அடித்தவர். 2022இல் ஆப்பிரிக்கக் கோப்பையில் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டார். மறு ஆண்டே உலகக்கோப்பையில் ஆடி, அப்போட்டியின் சரித்திரத்தில் ஆயிரமாவது கோலை அவரே அடித்தார். ஒரே பெண் ஒரு மைதானத்தில் தகுதியற்றவராகவும் இன்னொரு மைதானத்தில் தகுதியுடையவராகவும் ஆவாராயின், அங்கே அளக்கப்படுவது சரீரம் அல்ல, அளப்பவரின் ஏற்பாடு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்வாதத்துக்கு உரிய இடம் அளிப்பது அவசியம். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தசைக்கும் எலும்புக்கும் வலிமை சேர்ப்பது உண்மை. அந்த வலிமைக்கு ஈடுகொடுக்க முடியாத ஒரு பெண் பதக்கத்தை இழந்தால் அவளுடைய வருத்தமும் உண்மையே. அக்கவலையை அலட்சியம் செய்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால், 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு 2018இல் மீண்டும் சுரப்பு விதி வகுக்கத் துணையாகக் கொள்ளப்பட்ட ஆராய்ச்சியை எழுதியவர்களே, காரண காரியத் தொடர்பை அது நிரூபிக்கவில்லை என்று 2021இல் திருத்தம் வெளியிட்டார்கள். ஒருத்தி தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டத்திலேயே இந்நிலை என்றால், பதினொரு பேர் சேர்ந்து, பந்தைக் கடத்தி, இடமறிந்து நின்று ஆடும் கால்பந்தில், ஒரு சுரப்பின் அளவை வைத்து நியாயத்தை நிர்ணயிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருநங்கையர் பங்கேற்பு பற்றிய விவாதமும் இதனோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. அது வேறு கேள்வி, அதைத் தனியே ஆராய வேண்டும்.

2025 செப்டம்பரில் உலகத் தடகள ஸ்தாபனம், ஒலிம்பிக் கமிட்டி 1999இல் கைவிட்ட எஸ்ஆர்ஒய் பரிசோதனையை எல்லாப் பெண்களுக்கும் மீண்டும் கட்டாயமாக்கியது. அம்மரபணுவைக் கண்டறிந்த குழுவில் ஒருவரான ஆன்ட்ரூ சின்க்ளேரே இப்பிரயோகத்தை ஆட்சேபித்திருக்கிறார். அதே ஆண்டு ஜூலையில், 2018ஆம் ஆண்டு சுரப்பு விதி தொடர்பாகத் தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமென்யா தொடுத்த வழக்கில், அவருடைய வாதம் உரிய முறையில் கேட்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடகளம் சென்ற பாதையில் கால்பந்தும் செல்லக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது.

நம் மாநிலத்துக்கு இது எட்டாத் தொலைவில் நடக்கும் விவாதம் அன்று. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். இவர்களுக்குப் பின்னால் வரும் சிறுமியர் பெரும்பாலும் கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்தே வருகிறார்கள். சட்டத்தில் நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை: வைத்தியப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்ட பெண் காவலர் ஒருவரின் வழக்கில், பாலினத்தை நிரூபிக்கும்படி ஒருவரைப் பரிசோதனைக்கு உட்படுத்துவது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் கூறியது, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் அன்றி, பாலினத்தைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை செய்யலாகாது என்று 2019 ஆகஸ்டில் அரசாணை பிறந்தது. விளையாட்டுச் சங்கங்கள் மட்டும் இவற்றுக்கு அப்பாற்பட்டவை போல் நடந்துகொள்வது எவ்விதத்திலும் நியாயமாகாது.

ஆகவே அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் மாநிலச் சங்கமும், ஃபிஃபாவின் கட்டளை வந்து சேர்வதற்கு முன்பே, தம் நடைமுறையை எழுதி வெளியிட வேண்டும்: எதிரணியின் வாய்ச்சொல் புகாராக ஏற்கப்படலாகாது, பரிசோதனை எதற்கென்று வீராங்கனையின் தாய்மொழியில் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும், வயது வராதவராயின் பெற்றோர் உடனிருக்க வேண்டும், முடிவை அவரே முதலில் அறிய வேண்டும், அவர் விரும்பினாலன்றிப் பிறர் அறியலாகாது, மேல்முறையீட்டுச் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும். இவற்றை வகுக்கும் குழுவில் வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் பக்கத்தில், அரசு விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளராகப் பணியேற்ற சாந்தி சௌந்தரராஜனுக்கு ஓர் ஆசனம் அளிக்கப்பட வேண்டும். தோஹாவில் தம்மிடம் சொல்லாமல் விடப்பட்டவை எவை என்பதை அவர் வரிசையாகச் சொல்ல, குழு அவற்றை எழுதிக்கொள்ளட்டும்.