ஒரு சாண் பிலிமுக்கு ஒன்பது நீதிபதிகள்

சினிமாவை ஓடும் படம் என்று சொல்லியே பழகிவிட்டோம். நிஜத்தில் அது நிற்கிற படம்!

பிலிம் காலத்து புரொஜக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். செகண்டுக்கு 24 படங்கள். ஒவ்வொன்றும் விளக்குக்கு முன்னால் வந்து, ஆடாமல் அசையாமல் ஒரு கணம் நின்று, முகம் காட்டிவிட்டு, சடக்கென்று கீழே இறங்கி அடுத்த படத்துக்கு வழி விடவேண்டும். இறங்குகிற நேரத்தில் ஒரு தகடு வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி பிலிம். கணக்குப் போட்டால் 2,16,000 தடவை இந்த நில், இறங்கு, நில்! ஒரு நூலிழை பிசகினாலும் திரையில் ஹீரோவுக்குக் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுக்கம் எடுக்கும். பிலிமே அறுந்துபோனால் விசில்தான், பெஞ்ச் தட்டல்தான். டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே ஒரு பெரிய சக்கரத்தில் ஆயிரம் அடி பிலிமைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல கனம். அது நிதானமாக, ஒரே சீராகத்தான் சுற்றமுடியும். ஆனால் விளக்குக்கு முன்னால் இருக்கிற சின்ன வாசலில் (ஆபரேட்டர்கள் அதை ‘கேட்’ என்பார்கள்) பிலிம் வெடுக் வெடுக்கென்று இழுபட்டாக வேண்டும். மேலே நிதானம், நடுவில் அவசரம், கீழே சுற்றிக்கொள்கிற சக்கரத்தில் மறுபடி நிதானம்.

ரிப்பேரான காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது முன்னால் போகிறவர் திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? கயிறு அறும். அதே கதிதான் பிலிமுக்கும். அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்டில் செய்தது வேறு. விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்டு நின்றாலே பற்றிக்கொள்ளும்.

தீர்வு என்ன தெரியுமா? சிரிப்பு வரும். கேட்டுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் பிலிமைத் தொளதொளவென்று வளைத்து விட்டுவிடவேண்டும். அவ்வளவுதான். மேலே ஒரு பல்சக்கரம் சீராக பிலிமைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வளைவு கொஞ்சம் பெருக்கும். கேட்டில் இருக்கிற இயந்திரம் ஒரு படத்தை வெடுக்கென்று இழுக்கும். வளைவு கொஞ்சம் சுருங்கும். இழுப்பின் அதிர்ச்சி அந்த ஒரு சாணோடு முடிந்துபோகும். ஆயிரம் அடி ரீலுக்கு நடந்ததே தெரியாது.

இந்த வளைவுக்கு ‘லேதம் லூப்’ என்று பெயர். இதை வைத்துக்கொண்டு அமெரிக்க சினிமாத் தொழிலையே கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது.

யார் இந்த லேதம்?

வுட்வில் லேதம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் அதிகாரியாக இருந்தவர். பிறகு ரசாயனப் பேராசிரியர். மகன்கள் இருவர்: கிரே, ஆட்வே. வியாபார ஆசை நிறையவே உள்ள பையன்கள்.

1894-ல் நியூயார்க்கில் எடிசனின் கினெட்டோஸ்கோப் வந்திறங்கியது. நெஞ்சளவு உயர மரப்பெட்டி. மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. உள்ளே 50 அடி பிலிம் ஓடும். ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். காட்சி அரை நிமிடம்கூட இருக்காது. ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று காசு கொடுத்தார்கள்.

லேதம் சகோதரர்களுக்கு ஒரு யோசனை. குத்துச்சண்டையைப் படம் பிடித்துக் காட்டினால்? பெட்டியைப் பெரிதாக்கி 150 அடி பிலிம் பிடிக்கும்படி செய்துகொண்டார்கள். எடிசனின் ஸ்டூடியோவிலேயே சண்டை போடவைத்துப் படம் எடுத்தாயிற்று. ஆறு ரவுண்டு, ஆறு பெட்டி. முதல் ரவுண்டுக்கு ஒரு காசு, அடுத்த ரவுண்டு பார்க்க அடுத்த பெட்டிக்குப் போய் இன்னொரு காசு! யார் விழுந்தார் என்று தெரிய வேண்டுமென்றால் கடைசிப் பெட்டிக்குப் போயாக வேண்டும். வணிகவியல் படித்த எனக்கே இப்படியெல்லாம் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்த யோசனை இயல்பாகவே வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்ப்பதற்குப் பதில், சுவரில் பெரிதாகக் காட்டினால் ஒரே நேரத்தில் நூறு பேரிடம் வசூலிக்கலாமே? அப்பாவின் விஞ்ஞான மூளை இருக்கிறது. கூடவே எடிசனிடம் வேலை பார்த்த யூஜீன் லாஸ்ட் சேர்ந்தார். இன்னொருவர் கதையே தனி. வில்லியம் கென்னடி டிக்ஸன். கினெட்டோஸ்கோப்பை எடிசனுக்காக உருவாக்கிக் கொடுத்தவரே அவர்தான். எடிசனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே லேதம் குடும்பத்துக்கும் ரகசியமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். 1895 ஏப்ரலில் எடிசனை விட்டு விலகினார்.

குத்துச்சண்டையை நடுவில் நிறுத்தி, “கொஞ்சம் பொறுங்கள், பிலிம் மாற்றவேண்டும்” என்று சொல்ல முடியுமா? ஆகவே கேமராவில் நீள பிலிம் வேண்டும். நீளம் கூடினால் கனம் கூடும். கனம் கூடினால் அறும். இந்த நெருக்கடியில்தான் அந்த வளைவு பிறந்தது. பேட்டன்ட்டில் அப்பா லேதம் பெயர் இருக்கிறது. நிஜமாக யாருக்கு முதலில் தோன்றியது என்பதில் இன்றுவரை தகராறு. சினிமா சரித்திரம் எழுதியவர்களில் பலர் டிக்ஸனுக்கும் லாஸ்டுக்கும் பங்கு கொடுக்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பெயர் என்னவோ லேதமுக்குத்தான் போனது.

1895 மே 4. மாடிசன் ஸ்கொயர் கார்டன் கட்டடத்தின் மொட்டை மாடியில் இரண்டு குத்துச்சண்டை வீரர்களை மோதவிட்டுப் படம் பிடித்தார்கள். மே 20-ம் தேதி பிராட்வேயில் காசு வாங்கிக்கொண்டு திரையில் காட்டினார்கள். லூமியர் சகோதரர்களின் புகழ்பெற்ற பாரிஸ் காட்சி அதே வருடம் டிசம்பர் 28-ம் தேதி. ஏழு மாதம் பிந்தி!

அப்படியானால் சினிமாவின் தந்தை என்ற பட்டம் ஏன் லேதமுக்குப் போகவில்லை?

படம் நன்றாக இல்லை. காரணம் எளிது. அவர்களுடைய முதல் புரொஜக்டரில் பிலிம் நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற படம் கலங்காமல் தெரிய வேண்டுமானால் கண்ணிமைக்கிற நேரத்துக்கும் குறைவாகத்தான் வெளிச்சத்தைத் திறந்துவிட முடியும். திரைக்கு எட்டுகிற வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம். லூமியர்கள், தையல் மெஷின் துணியை நகர்த்துகிற சாமர்த்தியத்தைப் பார்த்து, பிலிமின் ஓட்டையில் கொக்கி மாட்டி இழுத்து நிறுத்தினார்கள். அவர்களுடைய பிலிம் 17 மீட்டர்தான். குட்டி பிலிமுக்கு லூப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 1896-ல் பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டர், கடிகாரக்காரர்களின் மால்டா சிலுவைச் சக்கரத்தைப் புரொஜக்டருக்குள் கொண்டுவந்தார். நான்கு வெட்டு உள்ள சக்கரம். கால் பங்கு நேரம் நகரும், முக்கால் பங்கு நேரம் நிற்கும். பின்னாளில் உலகத்துத் தியேட்டர்களில் பெரும்பாலும் இதுதான்.

நிறுத்துகிற வித்தை ஒருவரிடம், வளைக்கிற வித்தை இன்னொருவரிடம். இரண்டும் சேர்ந்தபோதுதான் நீளமான படம் என்பதே சாத்தியமாயிற்று.

லேதம் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா மிஞ்சவில்லை. 1896 ஜூனில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். இழுத்தடித்து 1902 ஆகஸ்ட் 26-ம் தேதி கிடைத்தது. எண் 7,07,934. அதற்குள் வியாபாரம் நொடித்து, பேட்டன்ட் கைமாறியிருந்தது. மகன்கள் இருவரும் இளம் வயதிலேயே, அப்பாவுக்கு முன்பாக இறந்துபோனார்கள். 1911-ல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

காகிதம் மட்டும் சாகவில்லை. 1908-ல் பயோகிராஃப் கம்பெனி அந்த பேட்டன்ட்டை வாங்கியது. எதற்கு? எடிசனோடு மோதுவதற்கு. எடிசனிடம் கேமரா, பிலிம் பேட்டன்ட்டுகள். பயோகிராஃபிடம் லூப். ‘நீ என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தால் நான் உன்னை இழுப்பேன்’ நிலைமை. கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, அதைவிட லாபமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். ‘நாம் ஏன் அடித்துக்கொள்ளவேண்டும்? ஒன்று சேர்ந்து மற்றவர்களை அடிப்போமே!’

1908 டிசம்பரில் பிறந்தது மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி. ஊரார் வைத்த பெயர் ‘டிரஸ்ட்’. பெரிய தயாரிப்பாளர்கள் எல்லாரும் உள்ளே. கச்சா பிலிம் விற்கும் ஈஸ்ட்மேன் கோடக்கும் ஒப்பந்தத்தில். தயாரிப்பாளரா? அடிக்கு இவ்வளவு. தியேட்டர்காரரா? புரொஜக்டருக்கு வாரம் இரண்டு டாலர் கப்பம். அது அவர் சொந்தக் காசு போட்டு வாங்கின புரொஜக்டராகவே இருக்கட்டும், பரவாயில்லை! அதில் டிரஸ்ட் படம் மட்டும்தான் ஓட்டவேண்டும்.

எதிர்த்துக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் கார்ல் லெம்மல். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, துணிக்கடையில் வேலை பார்த்து, தியேட்டர் முதலாளி ஆனவர். கப்பம் கட்டமாட்டேன் என்று சொந்தமாகப் படமெடுக்க ஆரம்பித்தார். டிரஸ்ட் அவர்மேல் வழக்குக்கு மேல் வழக்காகப் போட்டது. லேதம் பேட்டன்ட்டைக் காட்டிப் போட்ட வழக்கு 1912-ல் டிரஸ்ட்டுக்குப் பாதகமாக முடிந்தது. அதே வருடம் லெம்மல் வேறு சிலரோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் யுனிவர்சல். (இவர்களெல்லாம் டிரஸ்டுக்குப் பயந்து ஓடிப்போய்த்தான் ஹாலிவுட் உருவானது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கலிஃபோர்னியாவின் வெயிலுக்கும் சல்லிசான நிலத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.)

டிரஸ்ட் விடவில்லை. ஒரு பேட்டன்ட்டுக்குள் பல உரிமைக் கோரிக்கைகள் இருக்கும். லேதம் பேட்டன்ட்டின் ஏழாவது கோரிக்கையைப் பிடித்துக்கொண்டது. பிலிம் அறாமல், தேயாமல், சீராகப் புரொஜக்டருக்குள் போய் வருவதற்கான அமைப்பு. லைசென்ஸ் பெற்று அந்தப் புரொஜக்டரைச் செய்த கம்பெனி, ஒவ்வொன்றிலும் ஒரு தகடு அடித்து விற்றது. ‘இந்த மெஷினில் எங்கள் பிலிம் பேட்டன்ட்டின் கீழ் வந்த படங்களை மட்டுமே ஓட்டலாம்.’

வேடிக்கை என்னவென்றால், அந்த பிலிம் பேட்டன்ட் 1914 ஆகஸ்ட் 31-ம் தேதியோடு காலாவதி ஆகிவிட்டது. தகடு மட்டும் மெஷினில் அப்படியே இருந்தது.

1915-ல் நியூயார்க்கின் 72-வது தெருவில் ஒரு தியேட்டர், தகடு அடித்த அந்தப் புரொஜக்டரில் யுனிவர்சல் படங்களைப் போட்டது. டிரஸ்ட் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்கோர்ட்டிலும் தோற்று, சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்து நின்றது.

கேள்வி ரொம்ப எளிமையானது. பொருளை விற்றவன், வாங்கியவனிடம் ‘இதில் நான் கொடுப்பதைத்தான் போடவேண்டும்’ என்று சொல்ல முடியுமா?

டிரஸ்ட்டுக்கு ஒரு தெம்பு இருந்தது. 1912-ல் இதே சுப்ரீம் கோர்ட், ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின் வழக்கில் ‘முடியும்’ என்று சொல்லியிருந்தது. மெஷின் விற்றவனிடம்தான் மையும் வாங்கவேண்டும் என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு.

1917 ஏப்ரல் 9. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறு பக்கம். முடியாது! நீதிபதி கிளார்க் தீர்ப்பை எழுதினார். பேட்டன்ட் உனக்கு எதற்குக் கொடுத்தது? பிலிமை நகர்த்துகிற அமைப்புக்கு. பிலிம் அதில் பாகமா? இல்லை. அப்புறம் பிலிமுக்கு எப்படி உரிமை கேட்கிறாய்? ‘மெஷினை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு, உள்ளே போடுகிற பொருளில்தான் லாபம் பார்க்கிறோம், இது ஜனங்களுக்கு நல்லதுதானே’ என்று ஒரு வாதம் வைக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டைக் கண்டிக்க இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார் கிளார்க். ஐந்து வருடத்துக்கு முந்தைய சைக்ளோஸ்டைல் தீர்ப்பும் அதோடு ரத்து.

மறு பக்கம் நின்ற மூவரில் ஒருவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் கேட்டதையும் சொல்லவேண்டும். பேட்டன்ட் வாங்கிய ஒருவன், தன் டீ பாட்டை யாருக்கும் விற்காமலே பூட்டி வைத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. அப்படியிருக்க, ‘என் டீத்தூளை வாங்கினால்தான் தருவேன்’ என்று சொன்னால் மட்டும் எப்படித் தப்பாகும்? கேள்வி சாமர்த்தியமானதுதான். ஆனால் பூட்டி வைத்தால் அவனுக்குக் காசு வராதே! விற்று, காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டபிறகு பூட்டைப் பற்றிப் பேசுவது என்ன கணக்கு? என் ஓட்டு கிளார்க்குக்குத்தான்.

டிரஸ்டின் ஏகபோகத்தைச் சட்டவிரோதம் என்று 1915 அக்டோபரிலேயே வேறொரு கோர்ட் சொல்லியிருந்தது. 1917 தீர்ப்போடு மிச்சமும் முடிந்தது. அடுத்த வருடம் கம்பெனியே இல்லை.

சண்டை மட்டும் முடியவில்லை. நூறு வருடம் கழித்து 2017 மே மாதம், அதே சுப்ரீம் கோர்ட்டில் அதே மாதிரி ஒரு வழக்கு. இந்தத் தடவை லெக்ஸ்மார்க் பிரின்டர் கம்பெனி. மை தீர்ந்த கார்ட்ரிட்ஜை வாங்கி, வேறு ஆட்கள் மறுபடி மை நிரப்பி விற்கிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டது. விற்ற பொருளின்மேல் பேட்டன்ட் உரிமை விற்ற அன்றோடு தீர்ந்தது என்று கோர்ட் அனுப்பிவைத்தது. கம்பெனிகளும் சும்மா இல்லை. தகடு அடிப்பதற்குப் பதில் இப்போது கார்ட்ரிட்ஜுக்குள் சிப் வைக்கிறார்கள்.