கொழும்பின் காற்றும் உழைப்போரின் சுவாசமும்

நோயின் வரலாற்றைக் கிருமிகளின் வரலாறாகவும் மருந்துகளின் வரலாறாகவும் மட்டுமே நோக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாட்பட்ட சுவாசநோய்கள் அந்நோக்கினுள் அடங்குவன அல்ல. அவற்றுட் பல, ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட தூசினாலும் புகையினாலும் விளைபவை. எவர் எத்தகைய காற்றைச் சுவாசிப்பது என்பதோ பெரும்பாலும் அவரது தொழிலாலும் வருவாயாலும் குடியிருப்பாலும் தீர்மானிக்கப்படுகின்றது. கொழும்பின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையும் தென்பாலுள்ள வெள்ளவத்தையும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்வன.

1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், கீழைத்தேயம் செல்லும் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் துறையாகக் கொழும்பு வளரத் தொடங்கிற்று. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்பணை 1885 இல் நிறைவுற்றது. கப்பல்களுக்கு வேண்டிய கரியைச் சுமந்தேற்றியவர்கள் கூலியாட்களே. துறைமுகம் விரிவடைய, அதுவரை முகத்துவாரம், கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களிற் பெருமனைகள் அமைத்து வாழ்ந்த செல்வந்தர்கள், கறுவாத்தோட்டத்திற்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டகன்ற பகுதிகளிற் களஞ்சியங்களும் தொழிலாளரின் முடுக்கு வீடுகளும் பெருகின. செல்வந்தருக்கு அக்காற்றை விட்டு விலக வழியிருந்தது; கரி சுமந்த தொழிலாளிக்கோ வேலைத்தலத்தை விட்டு எட்டிக் குடியிருக்கவும் வசதியில்லை. வகுப்பு வேறுபாடு சுவாச வேறுபாடாக மாறிய முறை இதுவே.

இலங்கையின் காரீய ஏற்றுமதியும் இத்துறைமுகத்தினூடாகவே நடைபெற்றது. சுரங்கங்களிலிருந்து வந்த காரீயம் கொழும்புக் களஞ்சியங்களில் உடைக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டுப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டது. தரம் பிரிக்கும் வேலையிற் பெண்கள் பெருந்தொகையினராய் ஈடுபட்டனர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இவ்வேற்றுமதி உச்சத்தை எட்டிற்று. காரீயத் தூசு சுவாசப்பையிற் படிந்து நோய் விளைவிப்பதை ஆராய்ந்த ரணசிங்க, ஊரகொட ஆகிய இருவரும் தம் முடிவுகளை 1972 இல் வெளியிட்டனர். சுரங்கமொன்றிற் பரிசோதிக்கப்பட்ட 344 தொழிலாளருள் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோரின் ஊடுகதிர்ப் படங்களில் மாற்றங்கள் காணப்பட்டன. தொழில் உச்சமெய்திய காலத்திற்கும் இவ்வாய்விற்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்திருந்தமை நோக்கற்பாலது.

வெள்ளவத்தையின் கதை இதனினும் தெளிவானது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நிறுவப்பட்ட நூற்பு நெசவு ஆலை, இலங்கையின் முதன்மையான பஞ்சாலையாக விளங்கிற்று. பஞ்சுத்தூசு சுவாசப்பைக்குத் தீங்கு செய்யும் என்பது அப்போது புதிய செய்தியன்று. மான்செஸ்ரர் நகரின் மருத்துவர் ஜேம்ஸ் கே, நூற்பாலைத் தொழிலாளரின் நெஞ்சுநோய் பற்றி 1831 இலேயே எழுதியிருந்தார். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமையில் நெஞ்சு இறுகுவதும், ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்விறுக்கம் நிலைத்துவிடுவதும் இந்நோயின் இயல்பு. எனினும், இதற்கு நட்டஈடு வழங்கும் ஏற்பாடு பிரித்தானியாவிற்கூட 1940 களின் தொடக்கத்திலேயே உருவாயிற்று. அறிவு முந்தியது, நீதி நூறாண்டு பிந்தியது.

வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் இந்தியாவிலிருந்து வந்தோர். 1933 இல் இவர்கள் நடத்திய வேலைநிறுத்தம், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞரைத் தொழிற்சங்க அரங்கிற்குக் கொணர்ந்தது. அப்போராட்டத்திற்கு வித்திட்டது கூலிக் குறைப்பே. அன்றாட உணவே கேள்விக்குறியாக இருக்கையில், இருபது ஆண்டுகளின் பின் வரவிருக்கும் மூச்சுத்திணறல் கோரிக்கைப் பட்டியலில் முதலிடம் பெறுதல் அரிது. மேலும், 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கிற்று. மெல்ல முற்றும் நோயுடையவன் ஊர்விட்டு அகலும்போது, அவன் நோயும் ஆலையின் கணக்கிலிருந்து அகன்றுவிடுகின்றது.

இந்நோய்களுக்குப் புகைப்பழக்கமே முதற்காரணம் என்பார் உளர். புகையிலையின் பங்கு மறுக்கவியலாதது. ஆயினும், புகைப்பழக்கமும் வறுமையோடு பிணைந்தே காணப்படுகின்றது. அன்றியும், வாழ்நாளில் ஒரு சுருட்டையேனும் தொட்டறியாத பெண்கள், விறகடுப்பின் புகையால் நாட்பட்ட சுவாசத் தடைநோய்க்கு ஆளாவதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. தனிமனிதப் பழக்கத்தைக் குற்றஞ்சாட்டுவோர் இவர்களுக்கு என்ன விடை கூறுவர்?

இது கடந்தகாலக் கதை மட்டுமன்று. புளூமெண்டல் குப்பைமேட்டின் நாற்றத்தையும் புகையையும் கொட்டாஞ்சேனை மக்கள் நெடுங்காலம் சகித்தனர். பின்னர் கொழும்பின் குப்பை சென்றடைந்த மீதொட்டமுல்லையில் 2017 ஏப்பிரலிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்ற இடமும் ஏழைகளின் குடியிருப்பே. 2021 ஒக்ரோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயுக் கொள்கலன், 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. விலை கொடுக்க இயலாதோரும், நீண்ட வரிசைகளில் நின்றும் வெறுங்கையோடு திரும்பியோரும் விறகையும் மண்ணெண்ணெயையும் நாடினர். ஒரே நகரின் இரு சமையலறைகளில் எது புகை சூழ்ந்தது என்பதை மீண்டும் பணப்பையே தீர்மானித்தது.

வெள்ளவத்தை ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் உயர்மாடிக் குடியிருப்புத் தொகுதி எழுந்துள்ளது. பஞ்சுத்தூசு படிந்த மண்ணில் வசதி படைத்தோர் நற்காற்றை நாடிக் குடியேறியுள்ளனர். ஆலையின் உற்பத்தியையும் துறைமுகத்தின் வருவாயையும் எழுதும் பொருளியல் வரலாறு, அவற்றை ஈட்டித் தந்தோரின் சுவாசத்தையும் செலவுக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மருத்துவமனையின் ஊடுகதிர்ப் படமும் வரலாற்று மாணவன் கற்கவேண்டிய ஆவணமே.